பின்னறைக்கு ஆட்சேபனை இல்லை

நிலவில் வேலை பார்ப்பவர்களுக்கு முதலில் கெடுவது வயிறு. தூக்கம்தான் கெடும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். தூக்கத்தை எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். நிலவு தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதமாக உதிக்கும். எங்கள் ஷிப்டும் அதன் பின்னாலேயே நகரும். காலையில் சாப்பிட வேண்டியதை மாலையில் சாப்பிட்டால் வயிறு எத்தனை நாள் பொறுக்கும்? இங்கே வந்த பிறகு நீங்கள் வேளை தவறாமல் சாப்பாடு தருகிறீர்கள். பதினொரு ஆண்டுகளில் இந்த ஒரு வாரம்தான் வயிறு ஒழுங்காக இருக்கிறது. அதற்கு நன்றி, மேடம்.

எழுதித் தர அனுமதித்ததற்கும் நன்றி. வாயால் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் ஒலிப்பதிவுக் கருவி திணறிப்போகும். எனக்குத் திக்குவாய். க, ச, ப இந்த மூன்றும் என்னிடம் வந்தால் வாசலிலேயே நின்றுவிடும். என் தொழிலோ பாறை. தொழிலின் பெயரை ஒரே மூச்சில் சொல்லத் தெரியாத ஆள் நான். அலுவலகத்தில் எனக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர். கல்லைப் பார்ப்பவன், வாயைத் திறக்காதவன், பிடித்த பிடியை விடாதவன். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெயர். வைத்தவர்கள் நல்ல மனதோடுதான் வைத்தார்கள்.

யாரும் கூப்பிடாமல் நானாக ஏன் வந்தேன் என்று நேற்றுக் கேட்டீர்கள். விசாரணைக் குழுவின் அறிக்கையில், பதினேழாம் பக்கத்தில், ‘வெளியே காவலுக்கு நின்றவர் பதற்றத்தில் கதவைத் திறக்கத் தாமதித்தார்’ என்று இருக்கிறது. நான் பதறவில்லை. ஒரு பிழை ஆவணத்தில் நிலைத்துவிட்டால் அதன்மேல் பத்துப் பிழைகள் கட்டப்படும். ஆராய்ச்சியில் இருப்பவனுக்கு அது தெரியும். அதைத் திருத்தத்தான் வந்தேன். இன்னொரு பிழையும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நிலவில் ஓடும் ரோவரை நாங்கள் வண்டி என்றுதான் சொல்வோம். வண்டியை ஓட்டுகிறவர்கள் முன்னறையில் இருப்பார்கள். அடுத்த சுவருக்கு இந்தப் பக்கம், ஜன்னல் இல்லாத நீளமான பின்னறையில், நாங்கள் பதினொரு பேர். ஒருவர் மண் பார்ப்பார், ஒருவர் வெப்பம் பார்ப்பார், ஒருவர் நிழல் எப்போது எங்கே விழும் என்று கணக்கிடுவார். நான் கல். வண்டி ஒரு படம் அனுப்பினால், இங்கே நிற்கலாமா, எதையாவது தோண்டிப் பார்க்கலாமா, மேலே போகலாமா என்று சில நிமிடங்களுக்குள் நாங்கள் சொல்ல வேண்டும். பதினொரு பேரும் முன்னறையோடு ஒரே நேரத்தில் பேசினால் வண்டி பள்ளத்தில் கிடக்கும். ஆகையால் ஒரு விதி. பின்னறையில் ஒருவர் தலையில் மட்டும்தான் முன்னறைக்குப் பேசும் மைக் இருக்கும். மற்றவர்கள் அவரிடம் சொல்வார்கள். அவர் எல்லாவற்றையும் எடைபோட்டு, ஒரே குரலில் முன்னறைக்குச் சொல்வார். காகிதத்தில் அந்தப் பொறுப்புக்கு நீளமான பெயர் உண்டு. நாங்கள் ‘வாய்’ என்போம். “இன்னிக்கு யாருப்பா வாய்?” என்று கேட்டுக்கொண்டேதான் ஷிப்டுக்குள் நுழைவோம்.

பெரும்பாலும் வாயாக இருந்தவன் என் மனைவியின் தம்பி.

எங்களுக்குத் திருமணம் பேசியபோது அவனுக்குப் பதினாறு வயது. முதல் முறை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று என் மாமனார் கேட்டார். நான் ‘பா’ என்று ஆரம்பித்து அங்கேயே நின்றேன். கூடத்தில் இருந்த எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவன் மட்டும் என் முகத்தைப் பார்த்தான். “பாறை பத்திப் படிக்கிறாருப்பா,” என்றான். “இவரு சொல்றதக் கேட்டா, நாம மிதிச்சுட்டுப் போற கல்லுக்கெல்லாம் வயசு என்னன்னு தெரிஞ்சுடும்.” அவன் குரலில் சிரிப்பு இல்லை, இரக்கமும் இல்லை. நான் சொல்ல நினைத்ததை, நான் சொல்லியிருக்கக்கூடியதைவிட நன்றாகச் சொன்னான்.

அன்று தொடங்கியது. டாக்டரிடம், வீட்டுக்காரரிடம், தொலைபேசியில், என் மகளின் பள்ளியில், எங்கே நான் நின்றுபோனாலும் அவன் முடித்துவைப்பான். இருபத்திரண்டு ஆண்டுகள் என் வாக்கியங்களின் பின்பாதி அவனிடம்தான் இருந்தது. பிறகு அவனும் இதே துறைக்கு வேறொரு வழியாக, கேமரா பொறியியல் படித்துவிட்டு, வந்து சேர்ந்தான். வீட்டில் நான் அத்தான். அலுவலகத்தில் சார். இந்த இரண்டையும் அவன் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. வாயாக இருக்க இயக்குநர் வயது வரிசைப்படி முதலில் என்னைத்தான் கேட்டார். நான் விரலை நீட்டி அவனைக் காட்டினேன். அந்த அளவுக்கு நம்பினேன்.

இனி, அந்த நாள்.

நிலவின் தென்முனைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பள்ளம். அதன் உதட்டுச் சரிவில் வண்டி ஏறிக்கொண்டிருந்தது. அங்கே சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. விளிம்பைத் தொட்டபடி சாய்வாகவே சுற்றும். ஒரு சிறு கூழாங்கல்கூட மின்கம்பம் போல நிழல் நீட்டும். பதினொன்று இருபதுக்கு ஒரு படம் வந்தது. அலமாரி உயரத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பாறை. அதன் நெற்றியில் மெல்லிய வெள்ளைக் கீறல், லேசாக வளைந்து.

பத்தொன்பது ஆண்டுகளாக நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எழுதிவந்தேன். அந்தப் பகுதியில் தண்ணீர் அடியிலிருந்து விரிசல் வழியாக மேலே வந்து, பாறைக்குள்ளேயே உறைந்து வெண்மையான கோடாக நிற்கும் என்று. யாரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். யாரும் பதிலே எழுதவில்லை. இப்போது கோடு என் எதிரே திரையில் நின்றது. அடுத்த படத்திலும் இருந்தது. அதற்கடுத்த படத்திலும் இருந்தது.

வழக்கமாக நான் சொல்ல வேண்டியதைத் தட்டச்சு செய்து அவன் திரைக்கு அனுப்புவேன். அன்று எழுந்து நின்றேன். “சொ… சொல்லு, நிறுத்தச் சொல்லு. நாப்பது நிமிஷம்.” அறையே திரும்பிப் பார்த்தது. நான் அப்படி எழுந்து நின்று பேசி அவர்கள் பார்த்ததில்லை.

அவன் என் திரைக்கு வந்து அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு தன் இடத்துக்குப் போய், அன்று காலை வந்த வேறு படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். முன்னறையிலிருந்து இரண்டு முறை கேட்டார்கள். மூன்றாவது முறை கேட்டபோது அவன் மைக் பொத்தானை அழுத்தினான்.

“பின்னறைக்கு ஆட்சேபனை இல்லை. வண்டி மேலே போகலாம்.”

அதே தெளிவான, நிதானமான குரல். என் மாமனாரிடம் எனக்காகப் பேசிய அதே குரல். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னான்: “அத்தான், அப்புறம் பேசிக்கலாம்.”

அலுவலகத்தில் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. மண் பார்க்கும் மேடம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்தேன். நாற்காலி லேசாகச் சத்தம் போட்டது. வண்டி அந்தப் பாறையைக் கடந்து போனது. பின்பக்கக் கேமராவில் அது சின்னதாகி, நிழலோடு நிழலாகிப்போனது. ஷிப்ட் முடிவில் வந்த குறிப்பில் ‘பின்னறை ஒருமனதாக’ என்று எழுதியிருந்தது.

நீங்கள் விசாரணைத் துறையில் இருப்பவர். துரோகம் என்ற சொல்லை ஒரு நாளில் பத்து முறை கேட்டிருப்பீர்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். மற்றவர்களுக்குத் துரோகம் செய்கிறவன் எதிரே வருவான், அல்லது முதுகுப் பக்கம் வருவான். இவன் என் நாக்கிலிருந்து வந்தான். நான் வேண்டும் என்றதை வேண்டாம் என்று என் வாயே சொன்னது. அதற்கு எதிராக யாரிடம் போய், எந்த வாயால் முறையிடுவது?

அதன் பிறகு மூன்று வாரம் நான் அவனுக்கு முகம் கொடுக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கோபப்படுகிறவன் நான் இல்லை.

அன்றே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றான். “அத்தான், ரெண்டே நிமிஷம். ஒரு படம் காட்டணும்.” நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டேன். அவன் போகும் வரை கை கழுவிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். மணிச் சத்தம் கேட்டதுமே நான் படுக்கையறைக்குள் போய்விட்டேன். கதவு வழியாக அக்கா, தம்பி இருவர் பேச்சும் கேட்டது.

“உங்க ரெண்டு பேருக்கும் என்னடா ஆச்சு? அவரு மூணு நாளா சரியாச் சாப்பிடல.”

“ஒண்ணுமில்லக்கா. ஒரு சின்ன விஷயம். அவர்கிட்ட தனியாச் சொல்லணும்.”

“என்கிட்ட சொல்லு, நான் சொல்லிடறேன்.”

“வேண்டாம்க்கா. அது அவரு வேலை. முதல்ல அவருக்குத்தான் தெரியணும். அப்புறம்தான் வேற யாருக்கும்.”

அவமானப்படுத்தியது அறை முழுக்க ஆள் இருக்கும்போது, மன்னிப்பு மட்டும் தனியாகவா என்று நினைத்தேன். நியாயமான கேள்வி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவன் ஒரு பழுப்பு உறையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் அதைப் பிரிக்காமலேயே அவன் அலுவலக மேசையில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு நாள் கழித்து ஈமெயில் அனுப்பினான். தலைப்பில் ‘உங்களுக்கு மட்டும்’ என்று இருந்தது. அழித்துவிட்டேன்.

“அவன் சின்னப் பையங்க,” என்றாள் என் மனைவி. “அவன் தப்பே பண்ணியிருந்தாலும் நீங்கதானே பெரியவரு. ஒரு வார்த்தை பேசிட்டா என்ன குறைஞ்சுடும்?”

அவனுக்கு முப்பத்தெட்டு வயது. அதை அவளுக்கு நினைவுபடுத்தினேன்.

நிலவில் இரவு வந்தது. அந்த இரண்டு வாரம் வண்டி உறங்கும். எங்களுக்கு ஒத்திகை வேலைகள் மட்டும்தான். எங்கள் வளாகத்தின் பின்கட்டடத்தில் வண்டியின் இரட்டை ஒன்று இருக்கிறது. அதே சக்கரம், அதே கேமரா. நிலவின் குளிரில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு பெரிய குளிர் அறையில் வைத்திருக்கிறோம். தரையில் சாம்பல் நிறப் பொடி, சில போலிப் பாறைகள், ஒரு மூலையில் சூரியனைப் போலச் சாய்வாக ஒளி வீசும் விளக்கு. குளிர் நைட்ரஜனால் வருகிறது. அறைக்குள் போகிறவர் ஒருவர் என்றால், கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்பவர் ஒருவர் கட்டாயம். அன்றைய தாளில், வெளியே நிற்பவர் என்ற இடத்தில் அவன் என் பெயரை எழுதியிருந்தான்.

நான் நேரத்துக்கு முன்னால் போகிற ஆள். மதியம் இரண்டு மணிக்கே போய்விட்டேன். கதவில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கியது. குளிர் அறையைக் கவனிக்கும் டெக்னீஷியன் ஒருவர் உண்டு, குளிர்க்காரர் என்போம். சொன்னதையே மூன்று முறை சொல்லும் மனிதர். அட்டையில் அவர் கையெழுத்து கொட்டை கொட்டையாக இருந்தது. உள்ளே மூச்சுக்காற்று போதுமா என்று காட்டும் மீட்டர் பழுதுக்குப் போயிருக்கிறது, கதவைத் திறந்துவைத்து மின்விசிறியைப் போட்டு அரை மணி நேரம் ஆகாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு. அவர் சாப்பிடப் போயிருந்தார்.

படித்தேன். அட்டையைக் கழற்றினேன்.

அந்த நேரத்தில் நான் எதையும் தீர்மானித்திருக்கவில்லை என்று எழுதலாம். படிக்கிறவர்களுக்கும் அது ஆறுதலாக இருக்கும். ஆனால் அட்டையை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைப்பதற்கு ஒரு தீர்மானம் வேண்டியிருக்கிறது.

இரண்டரைக்கு அவன் வந்தான். கம்பளிக் கோட்டு, கையில் ஒரு சின்னப் பெட்டி. என்னைக் கண்டதும் தயங்கி நின்றான். நான் வருவேன் என்று அவன் முழுதாக நம்பவில்லை போலிருக்கிறது. வழக்கமாக மீட்டர் இருக்கும் இடத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே கேட்டான்.

“எல்லாம் சரியா, அத்தான்?”

“சரி,” என்றேன்.

மூன்று வாரத்துக்குப் பிறகு அவனிடம் நான் பேசிய முதல் சொல் அது. திக்கவே இல்லை. அவன் முகம் மலர்ந்தது. “உங்களுக்கு ஒண்ணு காட்டப் போறேன். கொஞ்ச நேரம் திரையையே பாத்துட்டு இருங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். கதவு மூடிக்கொண்டது.

நைட்ரஜனைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் சுவாசிக்கும் காற்றில் பெரும்பங்கு அதுதான். அதனால் உடம்பு அதைச் சந்தேகப்படுவதில்லை. அறையில் அது நிறைந்து பிராணவாயு இல்லாமல் போனாலும் மணம் இல்லை, இருமல் வராது, மூச்சு முட்டாது. அவனுக்கு வலித்திருக்காது. டாக்டரும் அப்படித்தான் சொன்னார். எனக்கு அவன்மேல் வெறுப்பு இருந்திருந்தால் இதையெல்லாம் யோசித்திருப்பேனா என்பதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இரட்டையின் முன்னால் மண்டியிட்டுக் கேமரா முகத்தில் ஏதோ செய்தான். சாய்வு விளக்கைப் போட்டான். ஸ்பீக்கரில் குரல் வந்தது. “அத்தான், தெரியுதா? இப்ப நான் இத…”

நான் ஒலியைக் குறைத்தேன். கடைசி வரை திருகினேன். அந்தக் குரலைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. உள்ளே அவன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பிறகு எதையோ மறந்தவன் யோசிப்பது போல உட்கார்ந்தான். சக்கரத்தில் சாய்ந்தான். அப்போது இரண்டு நாற்பத்தொன்று. இரண்டு ஐம்பதுக்கு நான் கதவைத் திறந்தேன், ஒதுங்கி நின்றேன், அபாய மணியை அழுத்தினேன். ஒன்பது நிமிடம். உங்கள் அறிக்கையிலும் ஒன்பதுதான், அதில் தவறில்லை. பதற்றம் என்பதுதான் தவறு.

குளிர்க்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோரும் ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்து அறைக்குப் போய் மஞ்சள் அட்டையை அவர் மேசை இழுப்பறையில் வைத்தேன். அவருடைய பொருள்தானே. எழுதிய அட்டையை மாட்ட மறந்தார் என்று அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். மாட்டினேன் என்று அவர் வழக்கம்போல மூன்று முறை சொன்னார். யாரும் கேட்கவில்லை. அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

மருத்துவமனை வராந்தாவில் என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நெடுநேரம் அழுதுவிட்டு, “நீங்க வெளியிலதானே நின்னீங்க?” என்றாள்.

தலையசைத்தேன்.

“அப்ப அவன் தனியாப் போகல. நீங்க பாத்துட்டு இருந்திருக்கீங்க. அதுவே எனக்குப் போதுங்க.”

இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும் அதைச் சொல்கிறாள். நான் மறுத்துப் பேசுவதில்லை. அது பொய்யும் இல்லை.

ஒரு வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து அவன் பையை அனுப்பினார்கள். அவள் அதைத் திறக்க முடியாமல் என்னிடம் கொடுத்தாள். உள்ளே அந்தப் பழுப்பு உறை. இந்த முறை பிரித்தேன். இரண்டு படங்கள். ஒன்று என் பாறை, நெற்றியில் கீறலோடு. இன்னொன்று அதே நாள், அதே மணி. பூமி இருக்கும் திசையைச் சரிபார்க்க வண்டியின் கேமரா ஒரு கணம் மேலே திரும்பியபோது எடுத்தது. அதில் பாறையே இல்லை. தரை இல்லை. கன்னங்கரிய வானம் மட்டும். அந்த வானத்தின்மேல், சட்டத்தின் அதே இடத்தில், அதே நீளத்தில், அதே வளைவோடு வெள்ளைக் கீறல்.

லென்ஸில் ஒரு தூசி. சாய்வு வெயில் பட்டால் மட்டும் மின்னும் தூசி.

படத்தின் பின்னால் பென்சிலால் எழுதியிருந்தான்: ‘அத்தான், இது இன்னும் யார் கண்ணுலயும் படல. நீங்களே கண்டுபிடிச்சதா எழுதிடுங்க. லென்ஸ்ல தூசி இருக்குன்னு முதல்ல சொன்னது நீங்கன்னு இருக்கட்டும்.’

இரண்டு படங்களையும் இந்த வாக்குமூலத்தோடு இணைத்திருக்கிறேன். நான் எதையும் கிழிக்கவில்லை.

அடுத்த பகலில் வண்டி விழித்தது. நான் பின்னறை வழியாக முன்னறைக்கு ஒரு குறிப்பு அனுப்பினேன். தன் உயிர் போவதற்கு முன் அவன் என்னிடம் சொன்னது ஒன்றுதான், அந்தப் பாறைக்கு வண்டி திரும்பிப் போக வேண்டும் என்பதுதான் அவன் கடைசி ஆசை என்று எழுதினேன். இத்தனை வருடம் அவன் எனக்காகப் பேசினான். நான் ஒரு முறை அவனுக்காகப் பேசினேன், அவ்வளவுதான். முன்னறைக்காரர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. அவர்களும் அவனுக்காக அழுதுகொண்டிருந்தார்கள். நான்கு நாள் செலவழித்து வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து பாறைக்கு முன்னால் நிறுத்தினார்கள். பதினொரு பேர் இருந்த அறையில் பத்துப் பேர் திரையைப் பார்த்தோம். சாம்பல் நிறப் பாறை. வேறொன்றும் இல்லை.

வெளிச்சம் சரியில்லை என்று தட்டச்சு செய்தேன்.

மண் பார்க்கும் மேடம் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். “விடுங்க சார். அவருக்காகத்தானே வந்தோம். அவரு ஆசை நிறைவேறிச்சு.”

கீறல் தூசிதான் என்று தெரிந்தும் ஏன் வண்டியைத் திருப்பினேன் என்று கேட்பீர்கள். ஒரு படத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. அவனும் தவறு செய்யக்கூடியவன்தான். வெளிச்சம் உண்மையிலேயே சரியில்லை, மேடம். அடுத்த கோணத்தில் பார்த்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இப்போது இரண்டாவது பிழை. இரட்டையின் கேமரா லென்ஸில் ஒரு தூசி ஒட்டியிருந்ததாகவும், அது பராமரிப்புக் குறைவு என்றும் உங்கள் குழு எழுதியிருக்கிறது. அது குறைவு இல்லை. அன்று அவன் பெட்டியில் கொண்டுவந்தது அந்தத் தூசியைத்தான். இடுக்கியால் எடுத்து லென்ஸில் வைத்துவிட்டு விளக்கைப் போட்டான். உறையைப் பிரித்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது என்று நீங்கள் இதுவரை நினைத்திருப்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு முன்னால், கதவுக்குப் பக்கத்தில், இரட்டையின் கேமரா காட்டுவதையெல்லாம் காட்டும் திரை ஒன்று இருந்தது. அதைப் பார்க்கத்தான் அவன் சொல்லிவிட்டுப் போனான். பார்த்தேன். எங்கள் கிடங்கில் சிமென்ட் பூசிச் செய்த போலிப் பாறை. அதன் நெற்றியில் மெல்லிய வெள்ளைக் கீறல், லேசாக வளைந்து. பார்த்த மாத்திரத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. கல்லைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அப்போது இரண்டு நாற்பத்து மூன்று. அவன் சக்கரத்தில் சாய்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. வலது கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் என் முகத்தைத் தேடினான் என்று நினைக்கிறேன். கதவின் கைப்பிடி என் இடுப்பு உயரத்தில்தான் இருந்தது. ஒரு இழுப்பு. அவனை அப்போது வெளியே இழுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அவன் வெளியே வந்தால், நான் பத்தொன்பது ஆண்டுகள் எதிர்பார்த்துக் காத்திருந்தது ஒரு தூசி என்பது உலகத்தில் ஒருவனுக்காவது தெரிந்திருக்கும். அவன் யாரிடமும் சொல்ல மாட்டான். அதுவும் எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்து, சொல்லாமல் இருப்பான். நான் கைகளைக் கட்டிக்கொண்டு அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் கை நின்ற பிறகும், இரண்டு ஐம்பது ஆகும் வரை. அவனைக் கொன்றது நைட்ரஜன் இல்லை. நான்தான். இதை அப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள். குளிர்க்காரரை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான், மேடம். இவ்வளவு பெரிய விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு இத்தனை சுற்றி வளைத்திருக்க வேண்டாம். முதல் நாளே என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் எதைச் சொன்னாலும் பொறுமையாகக் காதுகொடுத்துக் கேட்கிற ஆள் நான். அது அவனைவிட வேறு யாருக்குத் தெரியும்?